இரவு வானில் வழி தேடுவோர்

சென்ற திருவருகைக் காலத்தில் ஒரு மாலைப்பொழுது. செபமாலை முடிந்து இறைமக்கள் கலைந்து சென்றபின், பங்கு இல்லத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். மின்சாரம் தடைப்பட்டிருந்தது. அதுவரை ஓயாது ஒலித்துக்கொண்டிருந்த விசைத்தறிகளும் ஓய்ந்துவிட்டன. சங்கரன்கோவில் முழுவதும் இருளில் அமிழ்ந்துகிடக்க, வானத்தில் விண்மீன்கள் மட்டும் பூத்துக் கிடந்தன. அவற்றினூடே செந்நிற விளக்கொன்று கண்சிமிட்டியபடி மேற்கு நோக்கி நகர்ந்து சென்றது. விமானம்.

அவ்வேளையில் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். தந்தை தறி ஓட்டுகிறார். வீட்டை அடகு வைத்து, வங்கியில் கடனும் பெற்று, மகனை விமானப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கும் குடும்பம் அது. விடுமுறைக்கு வந்திருந்த அந்த இளைஞர் தோத்திரம் சொல்லிவிட்டுப் படியில் அமர்ந்தார். தாய் அமரவில்லை.

"சாமி, இவன் இப்போது ராத்திரியிலும் விமானம் ஓட்டிப் பழகுகிறானாம். மேலே ரோடும் இல்லை, கல்லும் இல்லை, லைட்டுக் கம்பமும் இல்லை. எதைப் பார்த்து ஓட்டுவான்? அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை சாமி. நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்றார்.

புத்தி சொல்ல நமக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றோமேயன்றி விமானம் ஓட்டும் கலையைப் பயிலவில்லை. ஆயினும் அந்தத் தாயின் கேள்வி நம்மை விடவில்லை. அவ்விளைஞரிடம் கேட்டறிந்ததையும், பின்னர் தேடிப் படித்ததையும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது நலம் எனக் கருதுகிறோம். வானில் பறப்போர் நம்மிடையே சிலரே. ஆனால் இருளில் வழி தேடாதவர் நம்முள் யார்?

பகலில் வழி காட்டுவது எது?

சிறு விமானம் ஓட்டுபவர் பகலில் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே வழி அறிகிறார். கையில் வரைபடம், கீழே நிலம், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே செல்கிறார். மதுரையிலிருந்து நம் ஊர் வான்வழியாக ஏறத்தாழ 95 கிலோமீட்டர். சிறு பயிற்சி விமானத்திற்கு அரைமணி நேரப் பயணம். பகலில் இவ்வழியே வருபவருக்குத் துணைகள் எத்தனை! விருதுநகரில் பிரிந்து சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி எனச் செல்லும் இருப்புப்பாதை ஒன்றே போதும். அதை இடக்கையில் வைத்துக்கொண்டால் வலக்கையில் மேற்குத் தொடர்ச்சி மலை மதிலென நிற்கும். இடையே குளங்கள் வெள்ளித் தட்டுகள்போல் மின்னும். ஒன்பது நிலைகளுடன் 125 அடி உயர்ந்து நிற்கும் சங்கரநாராயணர் கோவில் இராசகோபுரத்தைக் கண்டால், இது எந்த ஊர் என்ற ஐயமே எழாது. இருப்புப்பாதையை 'இரும்புத் திசைகாட்டி' என்றே அக்கால விமானிகள் வேடிக்கையாகக் குறிப்பிட்டார்களாம்.

இத்துடன் மற்றொரு முறையும் உண்டு. எத்திசையில், எவ்வளவு வேகத்தில், எத்தனை நிமிடம் பறந்தோம் என்று கணக்கிட்டு, இப்போது எங்கே இருக்கவேண்டும் என அறிவது அது. இக்கணக்கில் விமானிகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் விதி ஒன்று நம் மனத்தைத் தொட்டது. திசையில் ஒரே ஒரு பாகை பிசகினால், 60 மைல் சென்றபின் 1 மைல் விலகிப் போயிருப்போம். புறப்படும்போது கண்ணுக்கே தெரியாத பிசகு, போகப்போக ஊரையே தவறவிடச் செய்கிறது. பகலில் இதனால் பெருந்தீங்கு இல்லை. கீழே ஒரு குளமோ கோபுரமோ, 'நீ விலகிவிட்டாய்' என்று சொல்லிவிடும். இரவில் சொல்வார் யார்?

இருள் சூழ்ந்தபின்

இரவு வந்ததும் அந்தத் துணைகள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. முதலில் இருப்புப்பாதை மறைகிறது. பின்னர் குளங்கள். இறுதியில் மலையும் வானமும் ஒரே கருமையாகின்றன. நிலாக் காலத்தில் நிலைமை சற்று மேல்; அமாவாசையை ஒட்டிய இரவுகளில், மேற்கே எங்கே விண்மீன்கள் திடீரென இல்லாமற்போகின்றனவோ அங்கே மலை இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதுதான்.

ஊர்களின் விளக்குகள் தொலைவிலிருந்தே தெரியும் என்பது உண்மை. ஆனால் விளக்குகளுக்கு முகம் இல்லை. புளியங்குடியா, சங்கரன்கோவிலா, கடையநல்லூரா? எல்லாம் ஒன்றுபோலவே மின்னும். மின்தடை ஏற்பட்டாலோ ஓர் ஊரே வரைபடத்திலிருந்து துடைத்தெடுக்கப்பட்டதுபோல் காணாமற்போகும். நம் சுற்றுவட்டாரத்துக் காற்றாலைகளின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்குகளை நாம் கண்டிருக்கிறோம். 'இங்கே நெருங்காதே' என விமானிகளுக்குச் சொல்லும் எச்சரிக்கைகள் அவை. காற்றாலையின் நெடுந்தூணும் இறக்கைகளும் இருளில் தெரியமாட்டா. அந்தச் சிறு விளக்கு ஒன்றே தெரியும்.

மேகமோ இன்னும் கொடியது. பகலில் மேகத்தை ஒரு காத தூரத்திலேயே கண்டு விலகலாம். இரவில், கீழேயுள்ள விளக்குகள் மங்கி மறையும்போதுதான், தாம் ஏற்கெனவே மேகத்துக்குள் நுழைந்துவிட்டதை விமானி அறிகிறார். இயந்திரம் பழுதானால் பகலில் ஒரு தரிசு நிலத்தைத் தேடி இறங்கலாம். இரவில் தரிசு எது, தோப்பு எது, கிணறு எது?

'இக்காலத்தில் செயற்கைக்கோள் வழி காட்டுகிறதே!' எனச் சிலர் கேட்கலாம். உண்மையே. இன்று சிறு விமானத்திலும் இருக்கும் இடத்தைத் துல்லியமாய்க் காட்டும் திரை உண்டு, கைப்பேசியிலும் உண்டு. ஆனால் எங்கே இருக்கிறோம் என்று அறிவது ஒன்று. நேராக இருக்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்று அறிவது மற்றொன்று. இருளில் வழி தவறி இறந்தவர்களைவிட, தாம் சாய்ந்து விழுவதையே உணராமல் இறந்தவர்களின் கதைதான் நெஞ்சை உலுக்குகிறது.

கண்ணும் காதும் செய்யும் மோசம்

நம் கண்ணில் இருவகை உணர்செல்கள் உண்டு. கூம்புகள் பகலுக்குரியவை, நிறங்களைப் பகுத்தறிபவை. கோல்கள் இரவுக்குரியவை, மங்கிய ஒளியையும் உணரும், ஆனால் நிறம் அறியா. வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் வந்தால், கோல்கள் முழுமையாய் விழித்தெழ ஏறத்தாழ 30 நிமிடம் ஆகிறது. ஒரே ஒரு பளிச்சென்ற விளக்கைப் பார்த்துவிட்டால் அந்த 30 நிமிட உழைப்பும் வீண். ஆகவேதான் இரவில் பறக்கும் விமானிகள் தம் அறையில் விளக்கை மிக மங்கலாக வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு விந்தையும் உண்டு. கண்ணின் நட்டநடுவில் கோல்கள் இல்லை. எனவே இருளில் ஒரு பொருளை நேராக உற்று நோக்கினால் அது மறைந்துபோகும். சற்று ஒதுங்கி நோக்கினால் தெரியும். இன்றிரவு ஒரு மங்கிய விண்மீனைப் பார்த்து நம் சிறுவர்கள் இதைச் சோதித்து அறியலாம்.

கோல்கள் வேலை செய்ய வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். நம் நாட்டுக் குழந்தைகளைப் பார்வையிழப்பினின்று காக்க 1970-இல் அரசு வைட்டமின் ஏ வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. முருங்கைக்கீரையும் பப்பாளியும் நம் கொல்லையிலேயே இருக்கின்றன. தாய்மார்கள் மறவாதிருக்க வேண்டும். புகைபிடிப்பதும் இரவுப் பார்வையை மங்கச் செய்யும் என்பதைக் குடும்பத் தலைவர்கள் அறிந்துகொள்வார்களாக.

கண் பார்க்காமல் ஏமாற்றுவது ஒருபுறம். பார்த்தும் ஏமாற்றுவது மறுபுறம். இருளில் தனித்திருக்கும் ஒரே விளக்கை உற்று நோக்கினால், அசையாத அவ்விளக்கு அசைவதுபோல் தோன்றும். மலைச்சரிவில் வரிசையாய் எரியும் தெருவிளக்குகளை அடிவானம் என்று எண்ணி, அதற்கேற்ப விமானத்தைச் சாய்த்துவிடுவோரும் உண்டு. சுற்றிலும் ஒரு விளக்கும் இல்லாத கருநிலத்தின் நடுவே ஓடுதள விளக்குகள் மட்டும் தெரிந்தால், தாம் மிக உயரத்தில் இருப்பதாக விமானிக்குத் தோன்றும். அதை நம்பித் தாழ்ந்தால், ஓடுதளத்தை அடையுமுன்பே தரையில் மோத நேரிடும். விமானிகள் இதற்கு வைத்துள்ள பெயர் 'கருங்குழி மயக்கம்'.

காது செய்யும் மோசம் இதனினும் ஆழமானது. நம் உட்செவியில் திரவம் நிறைந்த மூன்று வளைவுக் குழாய்கள் உள்ளன. தலை திரும்பும்போது அத்திரவம் அசைந்து 'திரும்புகிறாய்' என்று மூளைக்குச் சொல்கிறது. ஆனால் திருப்பம் மெதுவாகவும் ஒரே சீராகவும் இருந்தால், சிறிது நேரத்தில் திரவம் அடங்கிவிடும். அப்போது, வளைந்து சென்றுகொண்டிருக்கும் மனிதர் தாம் நேராகச் செல்வதாகவே உணர்வார். அதைவிட விபரீதம், அவர் விமானத்தை உண்மையாகவே நேராக்கினால் எதிர்ப்புறம் சாய்வதாக உணர்ந்து, மீண்டும் பழைய சாய்வுக்கே திரும்புவார். சாய்ந்த விமானம் உயரம் இழக்கும். மூக்கைத் தூக்க முயன்றால் வளையம் மேலும் இறுகும். சுழன்று சுழன்று கீழிறங்கும் அச்சுருளுக்குக் 'கல்லறைச் சுருள்' என்று பெயர்.

அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகம் 1954-இல் வெளியிட்ட ஆய்வொன்று புகழ்பெற்றது. கருவிகளைக் கொண்டு பறக்கப் பயிற்சி பெறாத 20 பேருக்கு, வெளியே ஒன்றும் தெரியாதபடி செய்து விமானம் ஓட்டச் சொன்னார்கள். இருபதின்மரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 வினாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை.

இதை நாம் கூறியபோது அவ்விளைஞர் தலையசைத்தார். "எனக்கும் நேர்ந்தது ஃபாதர். ஊர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த வரையில் ஒன்றும் இல்லை. இருட்டுப் பக்கம் திரும்பியதும் விமானம் நேராகப் போவதாகவே என் உடம்பு சொன்னது. கருவியோ சாய்ந்திருக்கிறது என்றது. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த ஆசிரியர், 'உடம்பை நம்பாதே, கருவிகளைப் பார்' என்று அதட்டினார். பார்த்தேன். நான்தான் சாய்ந்திருந்தேன்."

தாயின் முகம் வெளிறிற்று. ஆனால் மகன் முடிக்கவில்லை. "அன்றுதான் அம்மா நான் உண்மையில் கற்றுக்கொண்டேன்" என்றார்.

பெல்லாரியில் இரவு தங்கிய தபால்

இருளின் வல்லமையை அறிந்தவர்கள் அதனோடு போட்டியிடவில்லை. 1929-இல் நம் நாட்டிலேயே முதன்முதலாக விமானி உரிமம் பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா. 1932 அக்டோபர் 15 அன்று அவர் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குச் சிறு விமானத்தில் தபால் மூட்டையுடன் பறந்து வந்தார். அங்கிருந்து சென்னைக்கு அதைக் கொண்டுவரும் பொறுப்பு அவருடைய தோழர் நெவில் வின்சென்ட் என்பவருடையது. வழியில் வானொலி உதவி இல்லை. ஓடுதள விளக்குகள் இல்லை. வின்சென்ட் என்ன செய்தார்? பெல்லாரியில் இறங்கி இரவைக் கழித்து, மறுநாள் புறப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார். விரைவுக்காகவே தொடங்கப்பட்ட விமானத் தபால், இருட்டியதும் நின்று விடியலுக்காகக் காத்திருந்தது. அதனால் யாரும் வின்சென்டைக் கோழை என்று சொல்லவில்லை. நாடு விடுதலை பெற்றபின் 1949-இல்தான், பம்பாய், கல்கத்தா, தில்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் நாகபுரியில் சந்தித்துத் தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு திரும்பும் ஏற்பாடு வந்தது.

அமெரிக்காவில் நடந்ததோ வேறு. 1921 பிப்ரவரி 22 இரவு ஜாக் நைட் என்னும் விமானி, உறைபனிக் காலத்தில், திறந்த விமானத்தில் தபாலுடன் நார்த் பிளாட் என்ற ஊரிலிருந்து கிளம்பினார். அவர் வழி தவறாதிருக்கக் கீழேயிருந்த மக்கள் ஆங்காங்கே நெருப்பு மூட்டி வைத்துக் காத்திருந்தார்கள். ஒமாகா நகரில் அவரை மாற்றவேண்டிய விமானி வரவில்லை. தாம் ஒருமுறையேனும் பறந்திராத வழியில், சாலை வரைபடம் ஒன்றின் துணையுடன் மேலே சென்று, மறுநாள் காலையில் சிகாகோவில் இறங்கினார். நாடெங்கும் அவரை வீரர் எனப் போற்றியது. நமக்கோ, பெயர் தெரியாத அந்த மக்கள்மீதே அன்பு பெருகுகிறது. முகம் காணாத ஒருவர் தலைக்கு மேலே கடந்து செல்வதற்காக, பனியில் நின்று விறகு அடுக்கி நெருப்பு வளர்த்தார்களே! அதன்பின் சில ஆண்டுகளில் அவ்வழியில் சுழல்விளக்குக் கோபுரங்கள் எழுந்தன.

கென்னடி மகனின் கடைசி மாலை

அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடியின் படம் நம் வீடுகள் பலவற்றில் ஒரு காலத்தில் தொங்கியது. 1963 நவம்பர் 25 அன்று, தம் மூன்றாம் பிறந்தநாளில், தந்தையின் பேழைக்கு வணக்கம் செலுத்திய சிறுவனை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அச்சிறுவர் வளர்ந்து தனியார் விமானி உரிமம் பெற்றார்.

1999 சூலை 16, வெள்ளிக்கிழமை. தம் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு, நியூ செர்சியிலிருந்து மார்த்தாஸ் வினியார்டு தீவு நோக்கித் தம் சிறு விமானத்தில் அவர் புறப்பட்டபோது மணி இரவு 8.38. சூரியன் மறைந்துவிட்டிருந்தது. மூடுபனி போன்ற மங்கல் எங்கும் பரவியிருந்தது. அவருக்கு ஏறத்தாழ 310 மணி நேரப் பறப்பு அனுபவம் உண்டு. அதில் இரவில் பறந்தது சுமார் 55 மணி. கருவிகளை மட்டும் கொண்டு பறப்பதற்கான தகுதிச் சான்று அவரிடம் இல்லை. அன்று உடன் வர முன்வந்த பயிற்சி ஆசிரியர் ஒருவரிடம், தாமே தனியாக ஓட்ட விரும்புவதாகச் சொல்லிவிட்டார். வழி புதிதன்று, முந்தைய 15 மாதங்களில் அப்பகுதிக்குச் செல்வதும் வருவதுமாக 35 முறை பறந்தவர்.

கரையோர விளக்குகளைப் பார்த்துக்கொண்டு சென்ற வரையில் இடரில்லை. பின்னர் கரையை விட்டு, ஏறத்தாழ 30 மைல் திறந்த கடலைக் கடக்கத் திரும்பினார். கீழே கருங்கடல், மேலே கருவானம், இடையே அடிவானம் என்ற கோடே இல்லை. சுமார் 9.41 மணிக்கு விமானம் சுழன்று கடலில் வீழ்ந்தது. மூவரும் மாண்டனர். இயந்திரத்தில் குறை ஏதும் காணப்படவில்லை. இரவில் கடல்மீது இறங்கும்போது திசையுணர்வு மயங்கி விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என விசாரணை முடிவு கூறிற்று. நியூயார்க்கில் புனித தாமஸ் மூர் ஆலயத்தில் அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது.

அவரைக் குற்றம் சாட்ட நாம் இதை எழுதவில்லை. உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் போய்ச் சேரவேண்டும் என்ற ஆவல் யாருக்குத்தான் இல்லை? ஒரே இரவு பொறுத்திருந்தால் விடிந்திருக்கும். அவ்வளவே.

கருவியும் பொய் சொல்லுமா?

உடலை நம்பாமல் கருவியை நம்பவேண்டும் என்பதோடு பாடம் முடிந்துவிட்டால் எளிதாயிருக்கும். ஆனால் நம் நாட்டிலேயே நடந்த ஒரு பேரிழப்பு நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. 1978 சனவரி 1, புத்தாண்டு இரவு. பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'பேரரசர் அசோகர்' என்னும் பெரிய விமானம், கிளம்பி இரண்டு நிமிடத்திற்குள் பாந்திராவை அடுத்த கடலில் வீழ்ந்து 213 பேரும் மாண்டனர். தலைமை விமானி நீண்ட அனுபவம் மிக்கவர். ஆனால் விமானத்தின் சாய்வைக் காட்டும் அவருடைய கருவி பழுதாகி, நேராக இருந்த விமானத்தை வலப்புறம் சாய்ந்திருப்பதாகக் காட்டிற்று. வெளியே பார்த்தால் கடலும் இருளுமே. கருவியை நம்பி இடப்புறம் சாய்த்தார், சாய்த்துக்கொண்டே போனார். அருகில் இருந்த துணை விமானியின் கருவி சரியாகவே இருந்தது.

ஆகவே இன்று பயிற்சி பெறுவோருக்கு அளிக்கப்படும் பாடம் நுட்பமானது: எந்த ஒரு கருவியையும் தனித்து நம்பாதே. செயற்கை அடிவானத்தைப் பார், உடனே உயரமானியைப் பார், வேகமானியைப் பார், திசைகாட்டியைப் பார். மூன்று ஒன்றுபட்டு ஒன்று மட்டும் மாறுபட்டால், மாறுபட்டதை ஐயுறு. அருகில் இருப்பவர் சொல்வதற்குச் செவிகொடு.

நம் நாட்டு விதிகளும் இருளுக்குரிய மதிப்பை அளிக்கின்றன. சூரியன் மறைந்து 20 நிமிடம் கழிந்தபின் உதிப்பதற்கு 20 நிமிடம் முன்வரை, கண்பார்வையை மட்டும் நம்பிப் பறக்கப் பொதுவாக அனுமதி இல்லை. விமான நிலையத்தை ஒட்டிப் பறப்பதற்கும், பயிற்சிக் கழகங்களின் பயிற்சிக்கும் கட்டுப்பாட்டு நிலையம் விலக்கு அளிக்கலாம். வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். இரவில் குறைந்தது 5 மணி நேரம் பறந்து, 10 முறை ஏறி 10 முறை இறங்கியிருக்கவேண்டும்.

இருளில் இறங்குவோருக்கு உதவ ஓடுதளத்தில் விளக்குகள் மொழி பேசுகின்றன. தொடக்கத்தில் பச்சை, ஓரங்களில் வெள்ளை, முடிவில் சிவப்பு, விமானம் நகர்ந்து செல்லும் பாதையோரம் நீலம். ஓடுதளத்தின் பக்கத்தே நான்கு விளக்குகள் உண்டு. இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்புமாகத் தெரிந்தால் சரியான உயரம். நான்கும் வெள்ளையானால் மிக உயரம். நான்கும் சிவப்பானால் ஆபத்தான தாழ்வு. தலைக்கு மேல் செல்லும் விமானத்திலும் இம்மொழி உண்டு: இடச்சிறகில் சிவப்பு, வலச்சிறகில் பச்சை, வாலில் வெள்ளை.

நான்கு நங்கூரங்கள்

இவற்றையெல்லாம் படித்தபோது, திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரம் நம் நினைவில் எழுந்தது. புனித பவுல் கைதியாய்ச் சென்ற கப்பல் புயலில் சிக்கியது. பல நாள் கதிரவனும் இல்லை, விண்மீனும் இல்லை. பதினான்காம் நாள் நள்ளிரவில், கரை அருகில் இருப்பதாக மாலுமிகளுக்குத் தோன்றியது. அவர்கள் தோன்றியதை நம்பி விரைந்தார்களா? இல்லை. நூல்குண்டு விட்டு ஆழம் பார்த்தார்கள். சற்றுச் சென்று மீண்டும் பார்த்தார்கள், ஆழம் குறைந்திருந்தது. பாறையில் மோதிவிடுவோம் என்று அஞ்சி, பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, விடியலுக்காக மன்றாடினார்கள். கப்பலில் இருந்த அனைவரும் உயிர் தப்பினர்.

ஆழம் பார்ப்பதும், மறுபடி பார்ப்பதும், நங்கூரம் இறக்குவதும், மன்றாடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. மன்றாட்டு இருக்கிறதே என்று நங்கூரத்தை விடவில்லை. நங்கூரம் இருக்கிறதே என்று மன்றாட்டை விடவில்லை.

திருச்சபை விமானிகளுக்கென்று ஒரு பாதுகாவலியை அளித்திருக்கிறது. நாசரேத்துத் திருக்குடும்பத்தின் இல்லம் வானதூதரால் சுமந்துவரப்பட்டது என்ற மரபு வழங்கும் இத்தாலியின் லொரேத்தோ அன்னையை, 1920-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் வான் பயணிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ், டிசம்பர் 10-இல் வரும் அவ்விழாவை உலகத் திருச்சபை நாட்காட்டியில் சேர்த்தார். வானில் பறப்போரின் அன்னை, ஒரு வீட்டின் அன்னையாக இருப்பது எவ்வளவு பொருத்தம்! பறப்பவர் எவரும் திரும்பிச் சேர விரும்புவது வீட்டைத்தானே.

நம் குடும்பங்களுக்கு

வானூர்தி நம் பலருக்கு எட்டாதது. ஆயினும் இருள் நம் அனைவர்க்கும் பொதுவானது. வேளாங்கண்ணிக்கும் பிற திருத்தலங்களுக்கும் வேன் பிடித்து இரவோடிரவாகப் பயணம் செய்யும் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். எதிர்வரும் வண்டியின் பெருவிளக்கு ஓட்டுநரின் கண்ணைப் பறித்தால், அது தெளியும்வரை அவர் குருடரே. தூக்கத்தில் இருப்பவருக்குத் தாம் விழித்திருப்பதாகவே தோன்றும். அதுவும் உடல் செய்யும் மோசமே. பொழுது சாய்ந்துவிட்டால் ஓரிடத்தில் தங்குங்கள். எம்மாவு சென்ற சீடர்களும் மாலையானதும் ஆண்டவரையே தங்கும்படி வற்புறுத்தினார்கள் அன்றோ! காலைத் திருப்பலிக்குப் பிந்தி வரும் குடும்பத்தை மாதா கோபித்துக்கொள்ளமாட்டார்.

இன்னும் ஆழமான இருளும் உண்டு. வேலை தேடி வெளியூர் சென்ற மகன், விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், கடனில் மூழ்கிய தந்தை, யாரிடமும் சொல்ல முடியாத துயரைச் சுமக்கும் தாய் ஆகிய இவர்கள் தம் விளக்குகள் மறைந்த வெளியில் பறக்கிறார்கள். 'எனக்குச் சரியென்று படுகிறது' என்ற ஒன்றே அப்போது போதாது. சீராகச் சாய்ந்துகொண்டே போகிறவருக்குத் தாம் நேராகப் போவதாகத்தான் தோன்றும். தம் மனச்சான்றை இறைவாக்கோடும், திருச்சபையின் போதனையோடும், பெற்றோரின் அறிவுரையோடும், ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்கும் சொல்லோடும் ஒப்பிட்டுப் பார்ப்பவரே தாம் சாய்ந்திருப்பதை அறிவார். ஒற்றைப் பாகை விலகும்போதே திருத்திக்கொண்டால் சிறு அசைவு போதும். ஒவ்வோர் இரவும் ஆன்ம சோதனை செய்யும்படி நம் முன்னோர் பழக்கியது இதற்காகவே.

கீழே இருக்கும் நம் பங்கு என்ன? நெருப்பு மூட்டி வைப்பதே. நள்ளிரவில் மகன் கைப்பேசியில் அழைத்தால் அதட்டாமல் எடுத்துப் பேசுவது ஒரு நெருப்பு. தவறிவிட்டேன் என்று வரும் மகளுக்குக் கதவைத் திறப்பது ஒரு நெருப்பு. அவர்கள் அதைக் கண்டார்களா என்பது நமக்குத் தெரியாமலே போகலாம். ஆயினும் விறகு அடுக்கத்தான் வேண்டும்.

அன்று திண்ணையில் அந்தத் தாய்க்கு நாம் சொன்னது சிறிதே. "அம்மா, இருட்டைக் கண்டு அஞ்சாத விமானிக்காகத்தான் நீங்கள் கவலைப்படவேண்டும். உங்கள் மகன் அஞ்சக் கற்றுக்கொண்டுவிட்டார்" என்றோம். பிறகு இளைஞரை நோக்கி, "தம்பி, ஏறலாமா வேண்டாமா என்ற ஐயம் வரும் இரவில் என்ன செய்வீர்?" என்று கேட்டோம்.

"ஏறமாட்டேன் ஃபாதர். விடியும் வரை இருப்பேன். அம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவேன்" என்றார்.

"எத்தனை மணியானாலும் போடு; நான் முழித்துத்தான் இருப்பேன்" என்றார் தாய்.

அவ்வேளையில் மின்சாரம் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்கின. மகன் முழந்தாளிட, நாம் அவர் தலைமீது கைவைத்து ஆசீர் அளித்தோம். தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகனின் கையைப் பற்றியபடி படியிறங்கினார்.

இன்றிரவு நம் வீடுகளில் குடும்ப செபம் முடியும்போது, வெளியே வந்து ஒரு நிமிடம் வானத்தைப் பார்ப்போம். சிவப்பு விளக்கொன்று கடந்து சென்றால், அதிலிருப்போருக்காகவும், நம் குடும்பங்களில் இருளில் வழி தேடிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்வோம். லொரேத்தோ அன்னை அவர்கள் அனைவரையும் வீடு கொண்டுவந்து சேர்ப்பாராக!